லாக் யார் கையில்? லினக்ஸ் டிரைவர் கோளாறுகளை அறிகுறி வழியே தீர்த்தல்

டிரைவர் (வன்பொருளை இயக்கும் நிரல்) சிக்கலில் கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) அச்சிடும் ஸ்டாக் ட்ரேஸ் (எந்த ஃபங்ஷன் எதை அழைத்தது என்ற பட்டியல்) பெரும்பாலும் மாட்டிக்கொண்டவரைத்தான் காட்டும், மாட்டிவிட்டவரை அல்ல. மியூடெக்ஸ் என்பது ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே பிடிக்கக்கூடிய லாக், அதாவது பூட்டு; கிடைக்காதவர் உறங்கிக் காத்திருப்பார். அதற்காகக் காத்துக் கிடக்கும் த்ரெட்டின் (ஓடும் வேலையின்) பெயர் திரையில் வரும். அந்த மியூடெக்ஸைக் கையில் வைத்துக்கொண்டு வேறெங்கோ உறங்கும் த்ரெட்டின் பெயர் பெரும்பாலும் வராது. ஆகவே அறிகுறி எதுவானாலும் கேட்க வேண்டியது இதைத்தான்: இந்த லாக், இந்த இன்டரப்ட் (வன்பொருள் சிபியூவுக்கு அனுப்பும் அழைப்பு), இந்த பஃபர் (தரவைத் தற்காலிகமாக வைக்கும் நினைவகம்) இப்போது யாருடையது, எப்போது அவர் கையை விட்டுப் போகும்? இதற்கு விடை தெரியாமல் இன்னொரு லாக்கைச் சேர்த்தால் கோளாறு இடம் மாறுமே தவிரத் தீராது.

உங்கள் அறிகுறி எதுவோ அந்தப் பகுதிக்கு நேராகப் போகலாம். முதல் பகுதியை மட்டும் யாரும் தாண்ட வேண்டாம்.

## முதலில் கெர்னலைப் பேச வையுங்கள்

டிஸ்ட்ரோவோடு வரும் கெர்னலில் லாக் பரிசோதனைகள் பெரும்பாலும் அணைந்திருக்கும். சோதனைக்கென்று தனிக் கெர்னல் ஒன்றைக் கட்டி, அதன் கட்டமைப்பில் இந்தத் தெரிவுகளை இயக்குங்கள்: ப்ரூவ்_லாக்கிங், டீபக்_அடாமிக்_ஸ்லீப், டிடெக்ட்_ஹங்_டாஸ்க், டீபக்_எஸ்எச்ஐஆர்க்யூ, டிஎம்ஏ_ஏபிஐ_டீபக். நினைவகம் போதுமானால் கேசானும் (நினைவகத் தவறுகளைக் கண்டுபிடிக்கும் கருவி). வேகம் கணிசமாகக் குறையும். விற்பனைக்குப் போகும் போர்டில் இதை வைக்கக் கூடாது.

ப்ரூவ்_லாக்கிங் இயக்கினால் கிடைப்பது, லாக்குகள் எடுக்கப்படும் வரிசையைக் கண்காணிக்கும் லாக்டெப். இங்கோ மோல்னார் எழுதி, 2006-இல் 2.6.18 கெர்னலில் சேர்ந்தது. டெட்லாக் (ஒருவருக்காக ஒருவர் காத்து எல்லோரும் நின்றுபோவது) உண்மையிலேயே நடக்கும் வரை அது காத்திருக்காது என்பதுதான் அதன் பெரிய பலம். காலையில் ஒரு த்ரெட் ‘அ’ லாக்கைப் பிடித்தபடி ‘ஆ’வை எடுத்தது, மாலையில் இன்னொரு த்ரெட் ‘ஆ’வைப் பிடித்தபடி ‘அ’வை எடுத்தது என்றால், இரண்டும் சுமுகமாக முடிந்திருந்தாலும் எச்சரிக்கும். ஆனால் முதல் எச்சரிக்கையைக் கொடுத்ததும் அது தன்னை அணைத்துக்கொள்ளும். ஆகவே டிமெஸ்ஜியில் (கெர்னல் செய்திப் பதிவில்) முதலில் வந்த அறிக்கையை மட்டும் நம்புங்கள். அது வேறு யாருடைய டிரைவரைப் பற்றியதாக இருந்தால் அதை முதலில் சரிசெய்து, ரீபூட் செய்த பிறகே உங்கள் சோதனையைத் தொடருங்கள். “லாக்டெப் ஒன்றும் சொல்லவில்லை” என்று நிம்மதி அடைபவர்களில் பலருக்கு, பூட் ஆகும்போதே வேறொரு எச்சரிக்கையால் அது அணைந்து போயிருக்கும்.

முடங்கிய இயந்திரத்திடம் கேள்வி கேட்க சிஸ்ரிக்யூ என்ற கெர்னல் வசதி இருக்கிறது. ரூட்டாக /ப்ராக்/சிஸ்ரிக்யூ-ட்ரிகர் கோப்பில் ஓர் எழுத்தை எழுதினால் போதும்: ‘டபிள்யூ’ என்றால் தடைபட்டு நிற்கும் த்ரெட்டுகள், ‘டி’ (ஆங்கில d) என்றால் பிடிக்கப்பட்டிருக்கும் லாக்குகள் (லாக்டெப் வேண்டும்), ‘எல்’ என்றால் வேலையில் இருக்கும் ஒவ்வொரு சிபியூவின் ஸ்டாக் ட்ரேஸ். ஷெல்லே வராத நிலைக்கு சீரியல் கன்சோலை முன்கூட்டியே இணைத்து வையுங்கள். கன்சோல் வழியே பிரேக் அனுப்பிக் கேட்பதானால் கெர்னல்.சிஸ்ரிக்யூ மதிப்பை 1 ஆக்கியிருக்க வேண்டும். கிடைக்கும் ட்ரேஸை கெர்னல் மூலத்திலுள்ள டீகோட்_ஸ்டாக்ட்ரேஸ் ஸ்கிரிப்ட்டில் கொடுத்தால் ஒவ்வொரு வரிக்கும் கோப்புப் பெயரும் வரி எண்ணும் வந்துவிடும்.

## அறிகுறி: ப்ரோப் -16 என்று திரும்புகிறது

ப்ரோப் என்பது சாதனத்தைக் கண்டதும் கெர்னல் அழைக்கும் டிரைவரின் தொடக்க ஃபங்ஷன். -16 என்றால், அது கேட்ட வளம் வேறொருவர் பெயரில் பதிவாகியிருக்கிறது. எந்த வளம் என்பதை அதற்கு முந்தைய செய்தி சொல்லும்.

“கான்ட் ரிக்வெஸ்ட் ரீஜன்” என்றால் ரெஜிஸ்டர் முகவரி. /ப்ராக்/ஐஓமெம் கோப்பை ரூட்டாகத் திறந்து பாருங்கள். சாதாரணப் பயனருக்கு முகவரிகள் எல்லாம் பூஜ்யமாகவே தெரியும். உங்கள் முகவரிக்கு எதிரே இருக்கும் பெயர்தான் உரிமையாளர். ரிக்வெஸ்டை நீக்கிவிட்டு வெறும் ஐஓரீமேப் (முகவரியைப் பதிவு செய்யாமலே அணுகும் வழி) போட்டால் ப்ரோப் வெற்றி பெற்றுவிடும், பலர் அதோடு நிறுத்தியும் விடுகிறார்கள். இது தீர்வு அல்ல: இனி இரண்டு டிரைவர்கள் ஒரே ரெஜிஸ்டரை ஒருவருக்கொருவர் தெரியாமல் எழுதும். உண்மையிலேயே பலரும் பகிர வேண்டிய கட்டுப்பாட்டு ரெஜிஸ்டர் தொகுதி என்றால், அதை டிவைஸ் ட்ரீயில் (போர்டின் வன்பொருளை விவரிக்கும் கோப்பில்) சிஸ்கான் (பொது ரெஜிஸ்டர் தொகுதி) ஆக்கி, எல்லோரும் ஒரே ரெக்மேப் (ரெஜிஸ்டர்களை அணுகும் கெர்னல் இடைமுகம்) வழியாகப் போக வேண்டும். ரெக்மேப்பிடம் சொந்த லாக் இருக்கிறது.

“ஃப்ளாக்ஸ் மிஸ்மேட்ச் ஐஆர்க்யூ” என்றால் இன்டரப்ட் வரி. அந்தச் செய்தியில் இரண்டு பதினாறடிமான எண்கள் இருக்கும். முதலாவது புதிதாகக் கேட்பவர், இரண்டாவது ஏற்கெனவே வைத்திருப்பவர். 80 என்பது பகிர்வு, 2000 என்பது ஒன்ஷாட், 1 ஏறுமுகம், 2 இறங்குமுகம், 4 உயர்நிலை, 8 தாழ்நிலை. ஒரு வரியைப் பகிர இருவருமே 80 கேட்டிருக்க வேண்டும், ட்ரிகர் வகையும் ஒன்றாக இருக்க வேண்டும். பகிரும்போது கடைசி ஆர்குமென்டான டெவ்_ஐடி நல் (வெற்றுச் சுட்டி) ஆக இருந்தால், தவறான ஆர்குமென்ட் என்று -22 வரும். விடுவிக்கும்போது யாருடைய ஹேண்ட்லரை (இன்டரப்ட் வந்ததும் ஓடும் ஃபங்ஷனை) நீக்குவது என்று கெர்னலுக்குத் தெரிய அதுவே அடையாளம்.

“ஆல்ரெடி ரிக்வெஸ்டட் பை” என்றால் சிப்பின் கால், அதாவது ‘பின்’. டீபக்எஃப்எஸ்ஸில் (/சிஸ்/கெர்னல்/டீபக் கீழுள்ள பிழைதேடும் கோப்புகளில்) பின்கன்ட்ரோல் அடைவின் கீழ் பின்மக்ஸ்-பின்ஸ் கோப்பு உரிமையாளரைக் காட்டும். ஜிபிஐஓ (பொதுப் பயன்பாட்டு உள்ளீட்டு-வெளியீட்டுக் கால்) என்றால் /சிஸ்/கெர்னல்/டீபக்/ஜிபிஐஓ. அங்கே உரிமையாளர் பெயர் ‘சிஸ்எஃப்எஸ்’ என்று இருந்தால், ஏதோ ஸ்கிரிப்ட் அதை எக்ஸ்போர்ட் செய்து வைத்திருக்கிறது.

-517 வந்தால் பதற வேண்டாம். அது தோல்வி அல்ல. உங்களுக்கு கிளாக்கோ ரெகுலேட்டரோ தர வேண்டிய டிரைவர் இன்னும் வரவில்லை, பிறகு அழைக்கிறேன் என்று கெர்னல் சொல்கிறது. பூட் முடிந்தும் அப்படியே இருந்தால் டீபக்எஃப்எஸ்ஸில் டிவைசஸ்_டிஃபர்ட் கோப்பில் யாருக்காகக் காத்திருக்கிறது என்று பாருங்கள்.

## அறிகுறி: “ஷெட்யூலிங் வைல் அடாமிக்” அல்லது “ஸ்லீப்பிங் ஃபங்ஷன் கால்ட் ஃப்ரம் இன்வேலிட் கான்டெக்ஸ்ட்”

உறங்கக் கூடாத இடத்தில் உங்கள் கோடு (நிரல்) உறங்கப் போனது. முதல் செய்தியில் ப்ராசஸ் பெயர், எண் இவற்றுக்குப் பின் வரும் மூன்றாவது எண்தான் சாவி. 00000002 என்றால் ஒரு ஸ்பின்லாக் (கேட்பவர் உறங்காமல் சுற்றிக்கொண்டே காத்திருக்கும் லாக்) கையில் இருக்கிறது. மற்ற ஒன்று ஷெட்யூலர் தானே ஏற்றியது. வலமிருந்து மூன்றாம் இலக்கத்தில் ஏதாவது இருந்தால் சாஃப்ட்ஐஆர்க்யூ (இன்டரப்ட்டிலிருந்து தள்ளிவைத்த வேலை), ஐந்தாம் இலக்கத்தில் 1 என்றால் ஹார்டு இன்டரப்ட்டுக்குள்ளேயே நிற்கிறீர்கள். இரண்டாவது செய்தியில் “இன்_அடாமிக்: 1” என்றும் “ஐஆர்க்யூஸ்_டிசேபிள்ட்” என்றும் தனித்தனியே வரும், ஆர்ம் போர்டுகளில் பின்னதன் மதிப்பு 128 என்று காட்டினால் இன்டரப்ட் அணைந்திருக்கிறது என்று பொருள், வேறு மர்மம் ஒன்றுமில்லை.

எவை உறங்கும் என்பதில்தான் ஏமாறுகிறோம். எம்ஸ்லீப், மியூடெக்ஸ்_லாக் இரண்டும் எல்லோருக்கும் தெரியும். ஜிஎஃப்பி_கெர்னல் கொடுத்த கேமாலாக் (நினைவகம் ஒதுக்கும் ஃபங்ஷன்), காப்பி_டு_யூசர், ஐ2சி_ட்ரான்ஸ்ஃபர், எஸ்பிஐ_சிங்க், ரெகுலேட்டர்_எனேபிள், கிளாக்_ப்ரிபேர், ஃப்ரீ_ஐஆர்க்யூ, கேன்சல்_வொர்க்_சிங்க், கால இடைவெளி கொடுத்த ரீட்எல்_போல்_டைமவுட் ஆகியவையும் உறங்கக் கூடியவையே. கிளாக்கில் ஒரு நுணுக்கம் உண்டு: ப்ரிபேர் மியூடெக்ஸ் எடுக்கும், எனேபிள் ஸ்பின்லாக் எடுக்கும். இரண்டையும் சேர்த்துச் செய்யும் ஃபங்ஷனை இன்டரப்ட்டில் அழைத்தால் மாட்டுவது ப்ரிபேர்தான். ப்ரோபிலேயே ப்ரிபேர் செய்துவிட்டால் பிறகு எனேபிளை எங்கிருந்தும் அழைக்கலாம்.

கேமாலாக் இன்னும் ஆபத்தானது. நினைவகம் தாராளமாக இருக்கும்வரை அது உறங்காது. ஸ்பின்லாக்குக்குள் இருந்தும் மாதக்கணக்கில் ஓடும். நினைவகம் நெருக்கடியான அன்றைக்கு விழும். டீபக்_அடாமிக்_ஸ்லீப் இருந்தால் முதல் அழைப்பிலேயே கத்தும்.

திருத்தும் வழி, எங்கள் விருப்ப வரிசையில்:

1. உறங்கக் கூடிய வேலையை லாக்குக்கு வெளியே தள்ளுங்கள். பஃபரை லாக் எடுக்கும் முன்பே ஒதுக்குங்கள். பயனருக்கு அனுப்ப வேண்டிய தரவை லாக்குக்குள் உள்ளூர் மாறிக்குப் பிரதி எடுத்து, லாக்கை விட்ட பிறகு காப்பி_டு_யூசர் செய்யுங்கள்.
2. அந்த லாக்கை எடுப்பவர்கள் எல்லோருமே ப்ராசஸ் கான்டெக்ஸ்ட் (இன்டரப்ட்டில் அல்லாமல் சாதாரண த்ரெட்டில் ஓடுபவர்கள்) என்றால் ஸ்பின்லாக்கை மியூடெக்ஸாக மாற்றுங்கள்.
3. இன்டரப்ட்டில் ஐ2சி அல்லது எஸ்பிஐ வழியாகச் சிப்பைப் படிக்க வேண்டியிருந்தால், அந்த வேலையைத் தனி த்ரெட்டில் செய்ய வைக்கும் ரிக்வெஸ்ட்_த்ரெடட்_ஐஆர்க்யூ. முதல் ஹேண்ட்லர் நல் என்றால் ஐஆர்க்யூஎஃப்_ஒன்ஷாட் கட்டாயம், இல்லையென்றால் -22. காரணம்: த்ரெட் ஓடி முடிந்து சிப்பின் வரியைக் கீழிறக்கும்வரை அந்த வரி மூடியிருக்க வேண்டும்.
4. ஜிஎஃப்பி_அடாமிக் (உறங்காமல் நினைவகம் கேட்பது). இது கடைசி வழி. எச்சரிக்கை மறையும், ஆனால் ஒதுக்கீடு தோற்கும் வாய்ப்பு கூடும். நல் சரிபார்ப்பு இல்லாமல் இதைப் போடாதீர்கள்.

## அறிகுறி: “டாஸ்க் பிளாக்ட் ஃபார் மோர் தேன் 120 செகண்ட்ஸ்”

‘டி’ (D, இடையில் எழுப்ப முடியாத உறக்கம்) நிலையில் ஒரு த்ரெட் 120 வினாடிகளாக எழவில்லை. இந்த எச்சரிக்கை இயல்பாக 10 முறைதான் வரும், பிறகு நின்றுவிடும். செய்தி நின்றதால் கோளாறு தீர்ந்தது என்று எண்ண வேண்டாம். மியூடெக்ஸ்_லாக்_இன்டரப்டிபிளில் காத்திருக்கும் த்ரெட் இந்தச் செய்தியில் வரவே வராது.

செய்ய வேண்டியது: முதலில் சிஸ்ரிக்யூ ‘டபிள்யூ’, அடுத்து ‘டி’. இரண்டாவது பட்டியலைப் படிக்கும்போது ஒரு பொறி இருக்கிறது. லாக்டெப், மியூடெக்ஸைக் கேட்ட கணத்திலேயே அதைக் கேட்டவர் கணக்கில் எழுதிவிடும், கிடைத்த பிறகு அல்ல. ஆகவே “2 லாக்ஸ் ஹெல்ட் பை” என்று ஒரு த்ரெட்டுக்கு எதிரே இருந்தால், கடைசி லாக் அவர் கையில் இருப்பதாகவும் இருக்கலாம், அவர் காத்திருப்பதாகவும் இருக்கலாம். ‘டபிள்யூ’ ட்ரேஸில் அதே த்ரெட் மியூடெக்ஸ்_லாக்குக்குள் நிற்கிறதா என்று ஒப்பிடுங்கள். நின்றால் கடைசி லாக்கை அவர் கணக்கிலிருந்து கழித்துவிடுங்கள். கழித்த பிறகும் அந்த மியூடெக்ஸ் யார் பெயரில் மிஞ்சுகிறதோ, அவர்தான் பிடித்திருப்பவர். இனி அவர் ஏன் விடவில்லை என்பதை மட்டும் பார்த்தால் போதும். வழக்கமான காரணங்கள் நான்கு.

வரிசை மாறியது. ஐஆக்டிலில் (பயனர் நிரல் சாதனத்துக்குக் கட்டளை தரும் வழியில்) ‘டிவைஸ் லாக்கைப் பிடித்தபடி க்யூ லாக்’, வொர்க்கில் (பின்னணியில் ஓடும் வேலையில்) ‘க்யூ லாக்கைப் பிடித்தபடி டிவைஸ் லாக்’. ஒரே வரிசையை முடிவுசெய்து, டிரைவரின் ஸ்ட்ரக்ட் அருகே கமென்ட்டாக எழுதுங்கள்: எந்த லாக் எந்த ஃபீல்டுகளைக் காக்கிறது, எதற்கு முன் எதை எடுக்க வேண்டும் என்று. லாக் காப்பது தரவை. கோட்டின் ஒரு துண்டை அல்ல. ஒரே வகை இரு பொருள்களை அப்பன்-பிள்ளை முறையில் எடுப்பதால் “ரிகர்சிவ் லாக்கிங்” எச்சரிக்கை வந்தால் மியூடெக்ஸ்_லாக்_நெஸ்டட். வரிசை உண்மையிலேயே நிலையானது என்று உறுதியான பிறகு மட்டும். வாயை அடைக்க அதைப் போட்டால் உண்மையான டெட்லாக்கும் மறைந்துவிடும்.

லாக்கைப் பிடித்தபடியே இன்னொருவர் முடிக்கக் காத்திருக்கிறார். டிரைவர்களில் மிக அதிகம் நடப்பது இதுதான், கண்ணுக்கு எளிதில் தெரியாததும் இதுதான். ரிமூவ் ஃபங்ஷன் (டிரைவரோ சாதனமோ நீங்கும்போது ஓடுவது) மியூடெக்ஸை எடுத்துவிட்டு கேன்சல்_வொர்க்_சிங்க் அழைக்கிறது. வொர்க்கோ அதே மியூடெக்ஸுக்காக நிற்கிறது. ஃப்ரீ_ஐஆர்க்யூவும் இப்படியே, ஓடிக்கொண்டிருக்கும் ஹேண்ட்லர் முடியும்வரை திரும்பாது. சிஸ்எஃப்எஸ் (/சிஸ் அடைவு) கோப்பை நீக்குவதும் அப்படியே, அதன் ஸ்டோர் ஃபங்ஷனுக்குள் யாராவது இருந்தால் அவர் வெளியேறும்வரை நிற்கும்; லாக்டெப் இதை ‘கேஎன்->ஆக்டிவ்’ என்ற பெயரில் காட்டும். பெயரில் ‘சிங்க்’ என்று முடியும் எதையும் லாக் இல்லாமல் அழைப்பது என்று வழக்கப்படுத்திக்கொள்ளுங்கள்: லாக்குக்குள் ‘முடிந்தது’ என்ற கொடியை மட்டும் ஏற்றி, லாக்கை விட்டு, பிறகு காத்திருங்கள்.

பிழைப் பாதையில் அன்லாக் விடுபட்டது. லாக்டெப் “லாக் ஹெல்ட் வென் ரிட்டர்னிங் டு யூசர் ஸ்பேஸ்” என்று சொல்லும். 6.5 கெர்னலிலிருந்து கார்டு மேக்ரோ இருக்கிறது. ஃபங்ஷனை விட்டு எந்த வழியாக வெளியேறினாலும் லாக் தானே விடுபடும். புதிய கோட்டில் இதையே பயன்படுத்துங்கள். வேண்டுமென்றே ஓப்பனில் மியூடெக்ஸை எடுத்து ரிலீஸில் விடும் டிரைவர்களுக்கும் இதே எச்சரிக்கை வரும். எடுத்த த்ரெட்தான் மியூடெக்ஸை விட வேண்டும். ஃபோர்க் ஆன பிள்ளை ப்ராசஸ் கோப்பை மூடினால் கணக்கு உடையும். ஒருவர் மட்டுமே திறக்கலாம் என்பதற்கு மியூடெக்ஸ் தேவையில்லை, டெஸ்ட்_அண்ட்_செட்_பிட் ஒன்று போதும்.

வர வேண்டிய இன்டரப்ட் வரவில்லை. /ப்ராக்/இன்டரப்ட்ஸில் உங்கள் வரியின் எண்ணிக்கை ஏறுகிறதா பாருங்கள். ஏறவில்லை என்றால் சிக்கல் லாக்கில் இல்லை, ட்ரிகர் வகையிலோ மின் இணைப்பிலோ இருக்கிறது. கால வரம்பு உள்ள வெயிட்_ஃபார்_கம்ப்ளீஷன்_டைமவுட்டுக்கு மாறுங்கள். மாறும்போது ஒன்றை மறக்காதீர்கள்: வரம்பு முடிந்ததால் பஃபர் உங்களிடம் திரும்பிவிடவில்லை. ஹார்டுவேர் இன்னும் அதில் எழுதிக்கொண்டிருக்கலாம். டிஎம்ஏஎஞ்சின்_டெர்மினேட்_சிங்க் போன்ற ஒன்றால் பரிமாற்றத்தை நிறுத்திய பிறகே விடுவியுங்கள். கம்ப்ளீஷனை (வேலை முடிந்ததை அறிவிக்கும் பொருளை) ஸ்டாக்கில் வைத்திருந்தால், தாமதமாக வரும் இன்டரப்ட் கைவிடப்பட்ட ஸ்டாக்கில் எழுதும்.

## அறிகுறி: “சாஃப்ட் லாக்கப் - சிபியூ ஸ்டக் ஃபார் 22 செகண்ட்ஸ்”, அல்லது சத்தமே இல்லாமல் உறைதல்

ஒரு சிபியூ ஸ்பின்லாக்கில் சுற்றிக்கொண்டிருக்கிறது. வாட்ச்டாக்_த்ரெஷ் இயல்பாக 10. சாஃப்ட் லாக்கப் அதன் இருமடங்கில், 20 வினாடியில் பிடிபடும். இன்டரப்ட்டை அணைத்துவிட்டுச் சுற்றினால் அந்த சிபியூவில் டைமரும் ஓடாது, இந்த எச்சரிக்கையும் வராது. அப்போது வேறொரு சிபியூ ஆர்சியூ (கெர்னலின் ஓர் ஒத்திசைவு முறை) ஸ்டால் செய்தியைக் கொடுக்கும். அதன் இயல்பு வரம்பு 21 வினாடி.

இதன் முதன்மைக் காரணத்தைச் சீரியல் போர்ட் போன்ற எளிய டிரைவரில் பார்ப்போம். ரைட் ஃபங்ஷன் வெறும் ஸ்பின்_லாக் எடுத்து, வளைய பஃபரில் எழுதிக்கொண்டிருக்கிறது. அதே சிபியூவில் இன்டரப்ட் வருகிறது. ஹேண்ட்லர் அதே லாக்கைக் கேட்டுச் சுற்றுகிறது. லாக்கை விட வேண்டிய ரைட் ஃபங்ஷனோ, ஹேண்ட்லர் முடிந்தால்தான் மறுபடி ஓடும். இருவருமே இனி நகர முடியாது. இன்டரப்ட் வேறு சிபியூவுக்குப் போயிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. அதனால்தான் இது எப்போதாவது மட்டும் நடக்கிறது. லாக்டெப்பில் “இன்கன்சிஸ்டன்ட் லாக் ஸ்டேட்” என்று வந்து, கீழே ‘ஹார்டுஐஆர்க்யூ-ஆன்’ நிலையிலிருந்து ‘இன்-ஹார்டுஐஆர்க்யூ’ என்று அம்புக்குறி இருந்தால் இதேதான்.

ஹார்டு இன்டரப்ட்டோடு பகிரும் லாக்குக்கு ப்ராசஸ் பக்கம் ஸ்பின்_லாக்_ஐஆர்க்யூசேவ். ஹேண்ட்லருக்குள் வெறும் ஸ்பின்_லாக் போதும். டைமர், டாஸ்க்லெட் ஆகியவற்றோடு பகிர்வது மட்டும் என்றால் ஸ்பின்_லாக்_பிஹெச். சேவ் இல்லாத ஐஆர்க்யூ வகையை, அழைப்பவர் இன்டரப்ட்டை அணைத்திருக்கவே மாட்டார் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் பயன்படுத்துங்கள்; அதன் அன்லாக் கேட்காமலே இன்டரப்ட்டைத் திறந்துவிடும். ஃப்ளாக்ஸ் மாறி உள்ளூர் மாறியாகவே இருக்கட்டும். அதைப் பொது ஸ்ட்ரக்ட்டில் வைத்தால் ஒரு சிபியூ சேமித்த நிலையை மற்றொன்று மீட்டெடுக்கும்.

இன்னொரு காரணம் ஒரே வரியில் முடியும்: ஹேண்ட்லர் தன் வரியையே டிசேபிள்_ஐஆர்க்யூவால் அணைக்கிறது. அந்த ஃபங்ஷன் ஹேண்ட்லர் முடியக் காத்திருக்கும், ஹேண்ட்லரோ அதற்காக. நோசிங்க் வகையைப் பயன்படுத்துங்கள்.

## அறிகுறி: “ஸ்பின்லாக் பேட் மேஜிக்”

சரியான ஸ்பின்லாக்கில் மேஜிக் மதிப்பு டெட்4ஈட். செய்தியில் 00000000 இருந்தால் ஸ்பின்_லாக்_இனிட் விடுபட்டது, அல்லது இன்டரப்ட்டைப் பதிவுசெய்த பிறகே அது வருகிறது. 6பி6பி6பி6பி இருந்தால் கதை வேறு: விடுவிக்கப்பட்ட நினைவகத்தில் கெர்னல் நிரப்பும் மதிப்பு அது. ஸ்ட்ரக்ட்டே போய்விட்டது, கீழே ரிமூவ் பற்றிய பகுதிக்குப் போங்கள்.

## அறிகுறி: பிழைச் செய்தி ஏதுமில்லை, தரவு மட்டும் தவறு

ரெஜிஸ்டரில் ஒரு பிட் எப்போதாவது காணாமல் போகிறது. இருவர் படித்து-மாற்றி-எழுதுகிறார்கள், இடையில் லாக் இல்லை. ரெக்மேப்_ரீட், அடுத்து ரெக்மேப்_ரைட் என்று தனித்தனியே அழைத்தால் ரெக்மேப்பின் லாக் ஒவ்வொன்றையும் தனியாகத்தான் காக்கும், இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியை அல்ல. ரெக்மேப்_அப்டேட்_பிட்ஸ் மூன்றையும் ஒரே பிடியில் செய்யும்.

இன்டரப்ட்டை மூடிய பிறகும் ஒருமுறை வருகிறது. பிசிஐயில் எழுதியது வழியிலேயே தங்கியிருக்கலாம். லாக்கை விடுவதற்கு முன் அதே சாதனத்தின் ஒரு ரெஜிஸ்டரைப் படித்தால் எழுதியது போய்ச் சேர்ந்துவிடும்.

டிஎம்ஏ (சிபியூ இல்லாமல் சாதனமே நினைவகத்தைப் படித்து எழுதுவது) பஃபரில் பழைய தரவு. டிஎம்ஏ_மேப்_சிங்கிள் அழைத்த கணத்திலிருந்து அந்த பஃபர் சாதனத்துடையது. டிஎம்ஏ_சிங்க்_சிங்கிள்_ஃபார்_சிபியூ அல்லது அன்மேப் செய்யும்வரை சிபியூ அதைத் தொடக் கூடாது. எக்ஸ்86-இல் பெரும்பாலும் தப்பிவிடும். கேஷ் ஒத்திசைவு இல்லாத ஆர்ம் போர்டுகளில் அகப்படும். பஃபரை ஸ்ட்ரக்ட்டின் நடுவில் வைப்பதும் இதே வகைத் தவறு: பக்கத்து ஃபீல்டு அதே கேஷ் வரியில் இருந்தால், அதை எழுதும் சிபியூ, சாதனம் எழுதியதைக் கெடுத்துவிடும். பஃபரைத் தனியாக கேமாலாக்கில் ஒதுக்குங்கள்.

## அறிகுறி: ஆர்எம்மாட் (டிரைவர் மாட்யூலை நீக்குதல்) செய்தாலோ சாதனத்தைப் பிடுங்கினாலோ கெர்னல் விழுகிறது

டெவ்எம் வகை ஃபங்ஷன்கள் (வளங்களைச் சாதனத்தோடு கட்டி வைப்பவை) எல்லாவற்றையும் தாமே விடுவித்துவிடும் என்பது உண்மை. எப்போது என்பதில்தான் விபத்து. ரிமூவ் ஃபங்ஷன் திரும்பிய *பிறகு*, எடுத்த வரிசைக்கு நேர்த் தலைகீழாக விடுவிக்கும். டெவ்எம்_ரிக்வெஸ்ட்_ஐஆர்க்யூவில் எடுத்த இன்டரப்ட், ரிமூவ் ஓடும் நேரம் முழுக்க உயிரோடு இருக்கும். ரிமூவில் நீங்கள் கையால் கிளாக்கை அணைத்து, வொர்க்க்யூவை அழித்துவிட்டீர்கள் என்றால், நடுவில் வரும் ஓர் இன்டரப்ட் அணைந்த ரெஜிஸ்டரைப் படிக்கும், அழிந்த க்யூவில் வேலையைப் போடும்.

இரண்டு வழிகளில் ஒன்றை எடுங்கள், கலக்காதீர்கள். ஒன்று, எல்லாமே டெவ்எம்: கையால் செய்யும் ஒவ்வொரு சுத்தத்தையும் டெவ்எம்_ஆட்_ஆக்ஷன்_ஆர்_ரீசெட் வழியாக, இன்டரப்ட்டைக் கேட்பதற்கு *முன்பே* பதியுங்கள், தலைகீழ் வரிசையில் இன்டரப்ட் முதலில் போய்விடும். மற்றது, எல்லாமே கையால், இந்த வரிசையில்:

1. பயனர் வழிகளை மூடுங்கள்: கேரக்டர் டிவைஸ், சிஸ்எஃப்எஸ்.
2. ஹார்டுவேரில் இன்டரப்ட்டை மூடி, ஃப்ரீ_ஐஆர்க்யூ.
3. டைமர், அடுத்து வொர்க். வொர்க் டைமரையும் டைமர் வொர்க்கையும் மாறி மாறி எழுப்பினால் வெறும் டெலிட் போதாது, 6.2-இல் வந்த டைமர்_ஷட்டவுன்_சிங்க், மறுபடி ஏற்ற முடியாதபடி டைமரை மூடிவிடும்.
4. கிளாக், மின்சாரம்.
5. நினைவகம்.

டீபக்_எஸ்எச்ஐஆர்க்யூ இங்கேதான் பலன் தரும். பகிர்ந்த இன்டரப்ட்டை விடுவிக்கும்போது அது வேண்டுமென்றே ஹேண்ட்லரை ஒருமுறை அழைத்துப் பார்க்கும். உங்கள் வரிசை தவறென்றால் மேசையிலேயே விழும்.

யூஎஸ்பி போல எப்போது வேண்டுமானாலும் பிடுங்கப்படும் சாதனத்தில் இன்னொன்று உண்டு. கேபிளைப் பிடுங்கினாலும் பயனரின் கோப்பு திறந்தே இருக்கும். டெவ்எம்_கேசாலாக்கில் ஒதுக்கிய ஸ்ட்ரக்ட் போய்விடும், ஆனால் அதற்குள் இருந்த சிடெவ் (கேரக்டர் டிவைஸைக் குறிக்கும் பொருள்), கடைசி க்ளோஸ் வரை தேவை. கேசான் “யூஸ்-ஆஃப்டர்-ஃப்ரீ” என்று காட்டுவது இதையே. மாட்யூலின் ஓனர் ஃபீல்டைச் சரியாக நிரப்பியிருந்தாலும் அது கோட்டைத்தான் காக்கும், தரவை அல்ல. ஸ்ட்ரக்ட்டை சாதாரணமாக ஒதுக்கி, சிடெவ்_டிவைஸ்_ஆட் மூலம் டிவைஸோடு கட்டி, டிவைஸின் ரிலீஸ் ஃபங்ஷனில் மட்டும் விடுவியுங்கள். டிஸ்கனெக்டில் மியூடெக்ஸுக்குள் ‘சாதனம் போய்விட்டது’ என்ற கொடியை ஏற்றுங்கள். ரீட், ரைட், ஐஆக்டில் ஒவ்வொன்றும் அதே மியூடெக்ஸுக்குள் கொடியைப் பார்த்து ‘சாதனம் இல்லை’ என்ற -19 திருப்பட்டும். கொடியை லாக்குக்கு வெளியே பார்த்துவிட்டு உள்ளே போனால், அந்த நடு நொடியில் கேபிள் பிடுங்கப்படும்.

## அறிகுறி: “ஐஆர்க்யூ: நோபடி கேர்ட்”

ஒரு வரியில் வந்த 1,00,000 இன்டரப்ட்களில் 99,900-க்கும் மேற்பட்டவற்றை யாரும் ‘என்னுடையது’ என்று ஏற்கவில்லை என்றால், கெர்னல் அந்த வரியையே அணைத்துவிடும். அதே வரியைப் பகிர்ந்த அப்பாவி டிரைவர்களும் சேர்ந்து நிற்பார்கள். உங்கள் ஹேண்ட்லர் ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரைப் படிக்கிறதா, படித்ததை அழிக்கிறதா, ஐஆர்க்யூ_ஹேண்டில்ட் திருப்புகிறதா என்று பாருங்கள். எச்சரிக்கை மறைய எப்போதும் ஹேண்டில்ட் திருப்புவது பெரிய தவறு; புயலைப் பிடிக்கும் ஒரே காவலையும் கெர்னலிடமிருந்து பறித்துவிடுகிறீர்கள். ஃபர்ம்வேர் இயக்கி விட்ட சாதனம், டிரைவர் வருவதற்கு முன்பே வரியை இழுத்துக்கொண்டிருப்பதும் உண்டு. ப்ரோபில் இன்டரப்ட்டைக் கேட்கும் முன் சாதனத்தை ரீசெட் செய்து மாஸ்க் செய்யுங்கள்.

## அறிகுறி: சாதாரணக் கெர்னலில் ஓடுகிறது, ரியல்டைம் கெர்னலில் எச்சரிக்கிறது

ரியல்டைம் கெர்னலைத் தரும் ப்ரீஎம்ப்ட்_ஆர்டி 2024-இல் 6.12 கெர்னலோடு முதன்மைக் கிளைக்கு வந்தது. அதில் ஸ்பின்லாக் உறங்கக் கூடியது. ஐஆர்க்யூசேவ் உண்மையில் இன்டரப்ட்டை அணைக்காது. ஹேண்ட்லர்கள் பெரும்பாலும் த்ரெட்டுகளாக ஓடும். “இன்வேலிட் வெயிட் கான்டெக்ஸ்ட்” என்று வந்தால், ரா ஸ்பின்லாக்கை (ரியல்டைம் கெர்னலிலும் உறங்காத வகை) பிடித்தபடி சாதாரண ஸ்பின்லாக்கைக் கேட்டிருக்கிறீர்கள். எல்லாவற்றையும் ரா ஆக்கிவிடாதீர்கள். அப்படிச் செய்தால் ரியல்டைம் கெர்னலைத் தேர்ந்தெடுத்த பயனே போய்விடும். ஐஆர்க்யூசிப்பின் மாஸ்க், அன்மாஸ்க் ஃபங்ஷன்கள் போல உண்மையான ஹார்டு இன்டரப்ட்டில் ஓடுபவற்றுக்கு மட்டும் ரா வேண்டும். அதற்குள் சில ரெஜிஸ்டர் எழுத்துகளைத் தவிர வேறெதையும் வைக்காதீர்கள். நினைவகம் கேட்பதும் கூடாது: ஆர்டியில் ஒதுக்கீட்டின் உள் லாக்குகளும் உறங்கும், ஆகவே ரா லாக்குக்குள் ஜிஎஃப்பி_அடாமிக்கூடச் செல்லாது.